கேட்காம போட்ட கணக்கு

1964 ஒக்டோபர் 30. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். லயத்துல இருந்த சனங்கள யாருமே கேட்கல.

ஓட்டிசம் உள்ளவங்களுக்கும் இதே கதைதான். அவங்களுக்கு என்ன வேணும்னு டொக்டர்மாரும் பெற்றோரும்தான் பேசினாங்க. 1992இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1996இல் ‘ஓட்ரீட்’ என்ற முகாமையும் நடத்தினார்கள். அங்க விதி அவங்களோடது. சட்டையில் சிவப்பு அட்டை இருந்தா, இப்போ பேச்சு வேண்டாம். மஞ்சள்னா, தெரிஞ்சவங்க மட்டும் பேசலாம். கண்ணைப் பார்த்துப் பேசலன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

சில நாள் சமூகம்தான். ஆனா ஒரு விஷயத்தைக் காட்டியது: மாற வேண்டியது ஆள் மட்டுமில்ல, விதியும்தான்.

இப்ப ஹட்டன் பக்கம் ஒரு லயத்தை நினைங்க. ஒரே கூரை, ஒட்டின சுவர். பக்கத்து வீட்டு ரேடியோ நம்ம வீட்டிலும் பாடும். சத்தமே வலியாகிற பிள்ளை எங்க போகும்? அதுக்குத் தனி ஊர் வேணாம். லயத்தை விட்டு தனி வீடு கட்டும்போதும், பள்ளிக்கூடத்துல விதி போடும்போதும் அந்தப் பிள்ளையையும் கேட்கணும். கேட்காம போட்ட கணக்கு குடும்பங்கள எப்படிப் பிரிக்கும்னு நம்மள விட யாருக்குத் தெரியும்?