மேருவைச் சூழ்ந்த ஏழு கடல்கள்

நெடுநாள்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சியை இன்று எழுதத் துணிந்தேன்.

கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் செல்லும் வழியில் இருக்கிறது எங்கள் மேரு. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், உலகப்படம் வரையச் சொன்னபோது, நடுவில் ஒரு மலையையும் அதைச் சுற்றி ஏழு வளையங்களையும் வரைந்து வந்தான். மலைக்கு ‘மேரு’ என்று பெயர். வளையங்களில் ஒன்று பாற்கடல், ஒன்று தயிர்க்கடல். “பாட்டி சொன்னாங்க சார். நம்ம ஊருதான் உலகத்துக்கே நடு” என்றான். நான் சிரித்துவிட்டேன். ஆசிரியர் சிரித்தால் வகுப்பு சும்மா இருக்குமா? அதன்பின் பல வாரங்கள் அவன் கை உயரவே இல்லை.

அந்த உறுத்தலே என்னைப் படிக்க வைத்தது. விஷ்ணு புராணம் கூறும் உலகம் இது: நடுவில் நாவலந்தீவு, அதன் நடுவில் 84,000 யோசனை உயரமுள்ள மேரு. தீவைச் சுற்றி உவர்க்கடல். அதன்பின் தீவும் கடலும் மாறிமாறி வருகின்றன. கருப்பஞ்சாறு, மது, நெய், தயிர், பால் எனக் கடல்கள் விரிந்து, இறுதியில் நன்னீர்க்கடல். தீவுகளுக்கு நாவல், இலவம், தருப்பை, தேக்கு என மரஞ்செடிகளின் பெயர்கள் அமைந்திருப்பதும் சுவையானது.

இதில் ஓர் ஒழுங்கான கணக்கும் உண்டு. நாவலந்தீவின் அகலம் 1 இலட்சம் யோசனை. அடுத்தடுத்த தீவுகள் 2, 4, 8, 16, 32, 64 இலட்சம் என இரட்டிக்கின்றன. ஒவ்வொரு கடலும் தான் சூழ்ந்த தீவின் அகலமே உடையது. எனவே பாற்கடலின் அகலம் 32 இலட்சம் யோசனை! ஒரு யோசனையை 12 கிலோமீட்டர் என்று கொண்டாலும், நாவலந்தீவு மட்டுமே 12 இலட்சம் கிலோமீட்டர் ஆகிறது. நம் பூமியின் விட்டமோ ஏறத்தாழ 12,742 கிலோமீட்டர்தான்.

நூலுக்கு நூல் வேறுபாடும் உண்டு. பாகவதத்தில் பாற்கடல் முன்னும் தயிர்க்கடல் பின்னுமாக வருகின்றன. ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இத்தகைய முரண்களைப் பொறுமையாக எடுத்துக்காட்டினார். தமிழிலும் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் அண்டகோசப் படலத்தில் இவ்வுலக அமைப்பை விரித்துரைக்கிறது.

அப்படியானால் நம் முன்னோர் அனைவரும் இதை அப்படியே நம்பினார்களா? இல்லை என்பதே எனக்கு வியப்பளித்தது. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் பூமி உருண்டை என்றார். அதன் விட்டத்தை 1,050 யோசனை எனக் கணித்தார். மேருவின் உயரம் ஒரே ஒரு யோசனைதான் என்றும் எழுதினார். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர், மற்ற ஆறு தீவுகளையும் கடல்களையும் உருண்டையின் தென்பாதியில் பொருத்திப் பார்த்தார். மரபை மதித்தபடியே அளந்து பார்த்தவர்களும் அம்மரபிலேயே இருந்தார்கள்.

1835-இல் மெக்காலே தம் கல்விக் குறிப்பில் இந்தப் பாகுக் கடல்களையும் வெண்ணெய்க் கடல்களையும் சுட்டி நம் கல்வியை எள்ளி நகையாடினார். அவருக்கு ஆரியபட்டர் தெரியவில்லை. கடல்கள் மட்டுமே தெரிந்தன. அன்று வகுப்பில் நான் சிரித்த சிரிப்பும் அதே சிரிப்புதானே என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

அக்கற்பனைக் கடல் மண்ணிலும் தன் தடத்தைப் பதித்துள்ளது. 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த அங்கோர்வாட்டின் ஐந்து கோபுரங்கள் மேருவின் சிகரங்கள். அதைச் சூழ்ந்த அகழி கடல். பாற்கடல் கடையும் காட்சி அங்கே ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்குச் செதுக்கப்பட்டுள்ளது. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் பாற்கடலும் ஒன்று. இவ்வுடலோடு சென்று காண இயலாத இரண்டனுள் அது ஒன்று என்பர். காண முடியாது என்று மரபே ஒப்புக்கொண்ட கடலை, படத்தில் தேடுவானேன்?

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். “ஐயா சிரிச்சது தப்பு” என்றேன். பிறகு சுவரில் இரண்டு படங்களை மாட்டினோம். ஒன்று மலாக்கா நீரிணை உள்ள புவிப்படம். மற்றொன்று அவன் வரைந்தது. முதலாவதன் கீழ் ‘அளந்து அறிந்த உலகம்’ என்றும், இரண்டாவதன் கீழ் ‘எண்ணிப் பார்த்த உலகம்’ என்றும் எழுதினோம். இரட்டிக்கும் எண்களை அவனே கரும்பலகையில் எழுதிக் காட்டினான்.

கதையை வரலாறு என்று சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. கதை என்பதற்காக அதை எள்ளுவதும் தீங்கே. இரண்டுக்கும் உள்ள எல்லையை அன்போடு காட்டுவதே ஆசிரியர் பணி என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம்.

அது சரி, நம் மேருதான் உலகின் நடுவா? அம்மாணவன் பிறகு தானே விடை சொன்னான்: “உருண்டையில எந்த இடமும் நடுதான் சார்.”