மன்னார்க் கடலடியும் நுரைச்சோலைப் புகையும்

எமது தீவின் அடியில் எண்ணெய் தேடுவது புதிதல்ல. 1970களிலேயே சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டார்கள். ஒன்றும் தேறவில்லை. 2011இல் கெயார்ன் லங்கா, ஆழ்கடலில் டொராடோ, பரகூடா எனும் இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015இல் விட்டுப்போனது. வாயு இன்னும் அங்கேதான்.

அதே 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த எமக்கு அந்தப் புகைபோக்கி தெரிந்த முகம். புத்தளத்தில் சீமெந்து ஆலை வேறு.

நோர்வேயில் 1991இல் காபன் வரி வந்தது. எரிவாயுவோடு வரும் காபனீரொட்சைட்டைக் காற்றில் விட்டால் நட்டம். ஆகவே 1996 முதல் ஸ்லெய்ப்னர் வயலில் அதைப் பிரித்து, கடற்படுக்கைக்குக் கீழே உப்புநீர் ஊறிய மணற்கல்லுக்குள் ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் வரை செலுத்தினார்கள். மேலே இறுகிய களிப்பாறை, பானைக்கு மூடி போல. 2025இல் பிரெவிக் சீமெந்து ஆலையின் வாயுவும் கப்பலேறிப்போய்க் கடலடியில் இறங்கியது.

மன்னாரிலும் வாயுவை அடக்கிவைத்த பாறை உண்டு, டொராடோவே சாட்சி. அது புகையையும் தாங்குமா என்பதைத் தனியே ஆராய வேண்டும். ஆனால் நோர்வேயில் பாறைக்கு முன் வரி வந்தது. நுரைச்சோலைப் புகைக்கு அப்படியொரு வரி இல்லை.