செஃப் கொத்தணியில் சேமிப்புச் சாதனங்களை அமைத்தல்

செஃப் என்பது பல வழங்கிகளில் உள்ள வன்தட்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே சேமிப்பகமாகப் பயன்படுத்த உதவும் திறமூல மென்பொருள் ஆகும். இவ்வாறு இணைந்து இயங்கும் வழங்கிகளின் தொகுதி கொத்தணி எனப்படுகின்றது. இதில் ஒவ்வொரு தரவும் வழக்கமாக மூன்று படிகளாக எழுதப்படுகின்றது. ஒரு தட்டு பழுதடைந்தால் மற்றப் படிகளிலிருந்து தரவு மீட்கப்படும். ஆகவே, எந்தெந்தச் சாதனங்கள் ஒரே காரணத்தால் ஒன்றாகப் பழுதடையக்கூடும் என வகுத்துக்கொள்வதே சாதனங்களை அமைப்பதன் அடிப்படை ஆகும். தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வெள்ளமும் மின்தடையும் அக்காரணங்களுள் அடங்கும்.

வரலாறு

அமெரிக்காவின் சாண்டா குரூசு நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்விலிருந்து செஃப் தோன்றியது. இதனை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2006 இல் வெளிவந்தது. கணவாய் முதலிய தலைக்காலி உயிரினங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இதன் பெயர் பெறப்பட்டது. 2010 இல் இதன் பயனர் பகுதி லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டது.

சாதனங்களின் தேர்வு

ஒவ்வொரு தரவுத் தட்டையும் ஓ.எஸ்.டி. எனும் ஒரு பின்னணிச் சேவை நிர்வகிக்கின்றது. தேர்வின்போது கவனிக்க வேண்டியவை:

- இயங்குதளத்திற்கெனத் தனித்தட்டு இருத்தல் நன்று.
- ரெய்டு கட்டுப்படுத்தி தட்டுகளை இணைத்து ஒன்றாகக் காட்டாமல், தனித்தனியே காட்டுமாறு அமைக்க வேண்டும். படியெடுக்கும் பணியைச் செஃப் தானே செய்கின்றது.
- ஒவ்வொரு ஓ.எஸ்.டி.க்கும் இயல்பாக 4 கிகாபைட்டு நினைவகம் இலக்காகக் கொள்ளப்படுகின்றது.
- எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டுகள், மின்சாரம் திடீரென நின்றாலும் எழுதிக்கொண்டிருக்கும் தரவைக் காக்கும் வகையினவாக இருக்க வேண்டும்.

அமைக்கும் முறை

2017 முதல் புளூஸ்டோர் என்பது இயல்பான சேமிப்பு முறையாக உள்ளது. இது கோப்பு முறைமை எதனையும் இடையில் கொள்ளாமல் தட்டில் நேரடியாக எழுதுகின்றது. எனவே, சேர்க்கப்படும் தட்டில் பிரிவுகளோ பழைய கோப்பு முறைமையோ இருத்தல் கூடாது. தட்டைத் துடைத்துவிட்டால் அதிலுள்ளவற்றை மீட்பது அரிது. ஆதலால், துடைக்குமுன் சாதனத்தின் தொடரெண்ணைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

விரைவுக்காகப் புளூஸ்டோரின் உள்தரவுத்தளத்தை எஸ்.எஸ்.டி.யில் தனியே வைக்கலாம். ஆயினும் ஒரே எஸ்.எஸ்.டி.யை ஐந்து வன்தட்டுகள் பகிர்ந்துகொண்டால், அது பழுதடையும்போது அந்த ஐந்து ஓ.எஸ்.டி.களும் ஒருசேர இழக்கப்படும்.

பழுது எல்லை

எந்தப் படி எங்கே செல்லும் என்பதைக் கிரஷ் எனும் வழிமுறை தீர்மானிக்கின்றது. தட்டு, வழங்கி, அடுக்கு, அறை, தரவு மையம் எனும் படிநிலைகளை இதில் குறிப்பிடலாம். பழுது எல்லையை வழங்கி எனக் கொண்டால், ஒரே வழங்கியில் இரு படிகள் வைக்கப்படமாட்டா.

எடுத்துக்காட்டாக, மூன்று வழங்கிகளில் தலா நான்கு 8 டெராபைட்டுத் தட்டுகள் இருப்பின், மொத்தக் கொள்ளளவு 96 டெராபைட்டு ஆகும். மூன்று படிகள் போக 32 டெராபைட்டு எஞ்சும். 85 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்கை வருவதால், சுமார் 27 டெராபைட்டே பயன்படுத்தத்தக்கது. ஒரு தட்டு 95 விழுக்காட்டை எட்டினால் எழுதுதல் நிறுத்தப்படும். இக்கொத்தணியில் ஒரு வழங்கி நின்றாலும் பணி தொடரும். ஆனால் மூன்றாம் படியை வைக்க வேறிடம் இராது. நான்காவது வழங்கி ஒன்று இருந்தால், அதில் போதிய இடமிருக்கும் அளவிற்குக் கொத்தணி தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும்.

தென்சென்னைப் புறநகரில்

2015 டிசம்பர் 2 அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு பெருகியதால் முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. 2016 டிசம்பர் 12 இல் கரையைக் கடந்த வர்தா புயலால் புறநகரின் பல பகுதிகளில் மின்சாரம் சில நாட்கள் தடைப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது.

இத்தகைய இடங்களில் தரைத்தளத்து அறையொன்றில் உள்ள மூன்று வழங்கிகள், வெள்ளத்தைப் பொறுத்தவரை ஒரே சாதனத்திற்கு ஒப்பானவை. வழங்கிகளை மட்டுமன்றி யு.பி.எஸ்., மின்னாக்கி ஆகியவற்றையும் மேல்தளத்தில் வைப்பது ஏற்றது. ஓ.எஸ்.டி. ஒன்று 600 நொடிகளுக்கு மேல் மறுமொழி தராவிடின் இயல்பாக அது விலக்கப்பட்டு, அதன் தரவு வேறிடங்களில் மீண்டும் படியெடுக்கப்படும். முன்னறிவித்த மின்தடையின்போது நோஅவுட் எனும் குறியை இட்டு இவ்வீண் சுமையைத் தவிர்க்கலாம். மின்சாரம் வந்ததும் அக்குறியை நீக்கிவிட வேண்டும்.

தாம்பரத்திலிருந்து பெருங்குடியும் சிறுசேரியும் சுமார் 15 கி.மீ. தொலைவிலேயே உள்ளன, ஒரே புயல் மூன்றையும் தாக்கக்கூடும். தமிழ்நாடு மாநிலத் தரவு மையம் பெருங்குடியில் அமைந்திருக்க, அதன் பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது. அத்தொலைவிற்கு ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் படியெடுத்தால் வேகம் குறையும். இதற்கென இரண்டாவது கொத்தணி ஒன்றை நிறுவி, சற்றுப் பின்தங்கிப் படியெடுக்கும் வசதி 2016 முதல் செஃப்பில் உள்ளது.

காப்புப்படி

மூன்று படிகள் இருத்தல் காப்புப்படிக்கு ஈடாகாது. பயனர் தவறுதலாக அழிக்கும் கோப்பு மூன்று படிகளிலிருந்தும் அழிந்துவிடும். எனவே, கொத்தணிக்கு வெளியே தனிக் காப்புப்படி வைத்திருத்தல் வேண்டும்.