நேரலை என்பது வெறும் விளையாட்டா?

வானகரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், கைபேசியில் நேரலை பார்ப்போரை வீண்பொழுது கழிப்பவர்கள் என்பார். கணினி விளையாட்டும் அரட்டையும் அன்றி அதில் வேறொன்றுமில்லை என்பது அவர் முடிவு. படித்தவர் பலரின் எண்ணமும் இதுவே.

இவ்வெண்ணத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2007இல் ஜஸ்டின் கான் என்னும் அமெரிக்க இளைஞர், தொப்பியில் கேமரா பொருத்தித் தம் அன்றாட வாழ்வை இணையத்தில் ஒளிபரப்பினார். அத்தளத்தின் விளையாட்டுப் பகுதியே 2011இல் ‘ட்விட்ச்’ எனத் தனியே வளர்ந்தது. 2014இல் அமேசான் அதனை வாங்கியது. பணம் சென்ற திசையிலேயே பெயரும் சென்றது.

ஆனால் இதன் முன்னோடி வேறு. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாத்திரத்தில் காப்பி மீதமுள்ளதா என இருந்த இடத்திலிருந்தே அறிய ஒரு கேமராவை நிறுவினர். வீண் நடையைத் தவிர்ப்பதே நோக்கம்.

சென்னை இத்தகைய மாற்றத்தை முன்பே கண்டதுதான். 1924இல் ஆர்வலர்கள் சிலர் கூடித் தொடங்கிய வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் நின்றது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்றபோது, மாலை இசையோடு பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் ஒலித்தன. கருவி ஒன்றுதான், பயனை விரித்தவர்கள் மனிதர்கள்.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தன் விசாரணைகளின் நேரலைக்கு இசைந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் வாதங்களை எவரும் காணலாயினர். தில்லி செல்ல வழியற்றவருக்கும் நீதிமன்றக் கதவு திறந்தது. நேரலையை இழிவென்று ஒதுக்குவோர் இக்கதவையும் தமக்குத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, அப்பெரியவர் பேரனின் கைபேசியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயரும் நேரலைதான் என்று நான் சொல்லவில்லை.