நிலைவாசலில் ஒரு கம்பி

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கடைசியில் உங்களில் சிலரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் பேத்திக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு இரும்புக் குழாய். இரண்டு முனையிலும் ரப்பர் மூடி, நடுவில் பிடித்துக்கொள்ள மெத்தென்று ஓர் உறை. திருகினால் நீளும். கதவு நிலையின் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துத் திருகி இறுக்கி, அதில் தொங்கிப் புல்அப்ஸ் எடுக்க வேண்டுமாம். அவள் கல்லூரியில் படிக்கிறாள். போலீஸ் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசை. கடலூரில் எங்கள் வீடு பழையது, தேக்கு நிலைகள். நேராக வாசலுக்குப் போனாள்.

"நிலைவாசல்ல தொங்காத பாப்பா, லட்சுமி வர்ற இடம்" என்றேன். சரி என்று உள்ளறைக்குப் போனாள். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பொம்பளப் பிள்ளை இப்படித் தொங்கினா நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "இது ஆம்பளைங்களுக்கான கம்பின்னு யாரு ஆயா சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

இத்தனை வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள் நான். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. தொங்கியும் ஏறியும் உடம்பை வளர்ப்பது நமக்குப் புதிதில்லை. நமக்கு அடுத்த விழுப்புரத்தில் இன்றும் பிள்ளைகள் மல்லர் கம்பம் பழகுகிறார்கள். வழுவழுப்பான மரக் கம்பத்தில் ஆமணக்கெண்ணெய் தடவி, அதில் கையாலும் காலாலும் பற்றி ஏறி, தலைகீழாக நிற்கும் கலை அது. ஊன்றிய கம்பம், தொங்கும் கம்பம், கயிறு என்று மூன்று வகை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி பற்றிய குறிப்பு இருக்கிறது என்பார்கள். பிறகு மங்கிப்போயிருந்த இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசிரியரான பாலம்பட்ட தாதா தேவதர். மல்யுத்த வீரனுக்குப் பிடி வலுவாக வேண்டும். கம்பத்தின் வேலை அதுதான். ஆக, ஆரம்பத்தில் இது சண்டைக்காரனுக்கு உரியது.

இப்போது நாம் பார்க்கும் குறுக்குக் கம்பி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைப் பரப்பியவர் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான். பெயர் பிரீட்ரிக் லுட்விக் யான். 1806-ல் நெப்போலியனிடம் பிரஷ்ய நாடு படுதோல்வி அடைந்தது. தோற்றுப்போன நாட்டின் பையன்களை உரமேற்ற வேண்டும் என்று யான் நினைத்தார். 1811-ல் பெர்லின் நகருக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற திடலில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். சிங்கிள் பார், பேரலல் பார் என்று நாம் பள்ளியில் பார்த்தவற்றுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. 1816-ல் எர்ன்ஸ்ட் ஐசலன் என்பவரோடு சேர்ந்து இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

யானின் நாட்டுப்பற்றில் பிற இனத்தார் மீது வெறுப்பும் கலந்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வளர்த்த கூட்டத்தைப் பார்த்து அரசாங்கமே பயந்தது. 1819-ல் அவரைக் கைது செய்தார்கள். 1820-ல் பிரஷ்யாவில் அந்தத் திடல்களையே தடை செய்தார்கள். தடை நீங்க 1842 ஆயிற்று. கம்பியில் தொங்குவதற்கு ஓர் அரசாங்கம் இருபது வருடத்துக்கு மேல் தடை போட்டிருக்கிறது! தனியாக ஒருவன் தொங்கினால் யாருக்கு என்ன பயம்? கூட்டமாகச் சேர்ந்து உடம்பை வளர்த்தார்கள், அதுதான் பயம்.

1896-ல் ஏதென்சில் முதல் ஒலிம்பிக் நடந்தபோதே இந்தக் குறுக்குக் கம்பி போட்டியில் இருந்தது. இன்றும் அது ஆண்கள் பிரிவில் மட்டும்தான் இருக்கிறது. பெண்களுக்கு உயரம் மாறிய இரட்டைக் கம்பி.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைத் தயார் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கல்லூரியிலும் பின்னால் வந்த கல்லூரிகளிலும் பயின்றவர்கள்தான் நம் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டராகவும் பி.டி. சாராகவும் வந்தார்கள். விசில், வெள்ளைக் கால்சட்டை, மைதானத்து ஓரத்தில் துருப்பிடித்த ஒரு சிங்கிள் பார். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும்.

அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் இந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு ராணுவக் கவலை இருந்தது. 1950-களில் அமெரிக்காவில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு எளிய உடல்திறன் சோதனை வைத்தார். அமெரிக்கக் குழந்தைகளில் 57.9 விழுக்காட்டினர் தேறவில்லை. ஐரோப்பியக் குழந்தைகளில் தேறாதவர்கள் 8.7 விழுக்காடுதான். ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதிர்ந்துபோய் 1956-ல் இளைஞர் உடல்தகுதிக்கு ஒரு கவுன்சிலே அமைத்தார். பிறகு பள்ளிதோறும் சோதனை வந்தது. பையன்களுக்குப் புல்அப்ஸ். பெண்களுக்கு, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து அப்படியே தொங்கி நின்றால் போதும். அந்தப் பழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? அமெரிக்க மரைன் படையில் பெண்களின் சோதனையிலிருந்து அந்தத் தொங்கல் நீங்கி, புல்அப்ஸ் அல்லது தண்டால் என்று ஆனது 2017-ல்தான்.

நம் ராணுவத்தில் இதற்குப் பெயர் 'பீம்'. ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போன என் மாணவர்களுக்கு இது மனப்பாடம். 10 முறை தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுவந்தால் 40 மதிப்பெண். 6 முறைக்கு 16. அதற்கும் கீழே என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம் கிராமங்களில் வேப்பமரக் கிளையிலும் இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவே கட்டிய குழாயிலும் விடியற்காலையில் தொங்கிய பையன்கள் எத்தனை பேர்! ஏழாவதோடு கை வழுக்கி, திரும்பி வந்து மறுநாளே மறுபடி கிளையைப் பிடித்தவனையும் எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெண்களுக்கு? 2019-ல் ராணுவ போலீஸ் பிரிவில் சிப்பாய்களாகப் பெண்களைச் சேர்க்க அறிவிப்பு வந்தது. ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் உண்டு. பீம் இல்லை. தமிழ்நாடு போலீஸ் தேர்விலும் கயிறு ஏறுவது ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், ஓட்டம்.

பேத்தியின் கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றுகிறது. இது ஆண்களின் கம்பி என்று எந்தச் சாஸ்திரமும் எழுதிவைக்கவில்லை. மல்லன், தோற்ற நாட்டின் பையன், சிப்பாய் என்று யாருடைய பலம் தேவைப்பட்டதோ அவர்கள் கையில் அது கொடுக்கப்பட்டது. பெண்ணின் தோள் பலம் யாருக்கும் தேவைப்படவில்லை. பெண்களுக்கு மேல் உடம்பில் தசை குறைவு என்பது உண்மைதான். அதனால் முதல் புல்அப் எடுக்க அதிக நாள் பழக வேண்டியிருக்கும். ஆனால், முடியவே முடியாது என்று அர்த்தம் இல்லை. விழுப்புரத்தில் மல்லர் கம்பத்தில் பெண் பிள்ளைகளும் ஏறுகிறார்களே!

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

சிதம்பரம் பக்கத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில், பள்ளியில் ஒரு பூவரச மரம் இருந்தது. தாழ்ந்த கிளை. இடைவேளையில் பையன்கள் தொங்குவார்கள், நான் ஒன்றும் சொன்னதில்லை. பெண் பிள்ளைகள் தொங்கினால் மட்டும் அதட்டி இறக்குவேன். "பாவாடை கட்டிக்கிட்டு என்னடி இது?" என்பேன். அவர்கள் கையில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்து மூலையில் ஆடச் சொல்வேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். என்னையும் என் அம்மா அப்படித்தான் இறக்கினார்.

அதே பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை நடராசர் கோயிலுக்கு அழைத்துப் போவேன். அங்கே கோபுர வாசலின் உட்சுவரைப் பார்த்திருப்பீர்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கும். கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கரணம் ஆடுபவர் சிவபெருமான். அங்கே 81-தான் முடிந்திருக்கிறது. சிதம்பரத்தில் ஆடுவது பெண்! முதுகை வில்லாக வளைத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பெண். நூற்றாண்டுகளாக அவள் ஊரின் வாசலிலேயே நிற்கிறாள். அதன் கீழே பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நடத்திப் போன நான், அவர்களை மரத்திலிருந்து இறக்கிவிட்டேன்.

அப்படி என்னிடம் திட்டு வாங்கிய பெண்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். இப்போது நீங்களே தாய்மார்கள். நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் பயிற்சி என்பதும் பழைய யோசனைதான். 1855-லேயே லைப்சிக் நகரத்து மருத்துவர் ஷ்ரேபர், அறைக்குள் செய்யும் உடற்பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் ஊரில் இந்தக் கதவுக் கம்பி பரவலாகத் தெரியவந்தது கொரோனாவில். 2020 மார்ச்சில் மூடிய ஜிம்கள் தமிழ்நாட்டில் ஆகஸ்டு 10-ல்தான் திறந்தன. அந்த மாதங்களில் பையன்கள் கதவு நிலையைத் தேடினார்கள். திடலும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயமும் வேண்டாம். பெண்களுக்கு இதில் பெரிய விடுதலை கடைசியாகச் சொன்னதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு, எங்கள் வீட்டு ஆசாரி சொன்னதையும் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு வகை. ஒன்று, கதவுக்கு மேலே மாட்டுவது. நம் எடை கீழே இழுக்க இழுக்க, நெம்புகோல் போல நிலையை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். அது மேற்கத்திய வீடுகளுக்கென்று செய்தது. அங்கே நிலையைச் சுற்றி மரச்சட்டம் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் நிலையும் சுவரும் ஒரே மட்டம், மாட்டினால் நிற்காது. இன்னொன்று, பேத்தி வாங்கிய திருகு வகை. அது உராய்வில் நிற்பது. நல்ல மர நிலை வேண்டும். பி.வி.சி. நிலையிலும், பூச்சு உதிரும் சுவரிலும் மாட்டவே கூடாது. ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொங்க வேண்டும். கம்பியைத் தாழ்வாக மாட்டுங்கள், கைநழுவினால் கால் தரையில் இருக்கும். முதல் நாளே புல்அப் எடுக்க முயல வேண்டாம். பத்து விநாடி தொங்கினால் போதும். பிறகு முக்காலி மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, மெல்ல மெல்ல இறங்கிப் பழகுங்கள். இறங்கும்போதுதான் முதுகும் கையும் பலம் பெறும். தோள்வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளறை நிலையில் இப்போது கம்பி நிரந்தரமாக இருக்கிறது. நேற்று வரை பேத்திக்கு ஒரு முழுப் புல்அப் வரவில்லை. மூக்கு வரை வந்துவிட்டது. தேர்வில் யாரும் அவளைக் கயிறு ஏறச் சொல்லப்போவதில்லை என்று நான் சொன்னதற்கு, "தேர்வுக்காக இல்ல ஆயா" என்றாள்.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு நானும் போய்ப் பிடித்துப் பார்த்தேன். கால் தரையில்தான் இருந்தது. கொஞ்சம் முட்டியை மடக்கினேன். தோள் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டது. ஏழு வரை எண்ணினேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்