வாரிசுக்கு இறங்காத உரிமம்

ஒருவர் இறந்தால் அவருடைய வீடு பிள்ளைகளுக்கு இறங்குகிறது; நகை இறங்குகிறது; கடனும் சொத்தின் அளவுக்கு இறங்குகிறது. அவர் உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கியும் சொத்துதான் என்பதால் அதுவும் இறங்கும். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை இறங்காது. அது அவருடைய பெயரோடு முடிந்துபோகிறது. நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டு இரும்பு பீரோவில் இருந்த பொருள், இன்று அதே பீரோவில், அதே பூட்டுக்குள், உரிமமற்ற ஆயுதமாகிவிடுகிறது. துக்க வீட்டில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த நிலை எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் சில இழைகள் நம் வடசென்னையிலேயே கிடக்கின்றன.

ஆயுதத்துக்கு உரியவன் இறந்தபின் அதை என்ன செய்வது என்பது தமிழ் நிலத்தில் மிகப் பழைய கேள்வி. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஈமத்தாழிகளோடு இரும்புப் படைக்கலங்களும் கிடைத்தன. வாள் அதை ஏந்தியவனோடு மண்ணுக்குள் போயிற்று. புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாயோ, தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின், தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒன்று புதைப்பது, மற்றொன்று கைமாற்றுவது. இவ்விரண்டுக்கும் இடையே காவல் நிலையம் என்ற மூன்றாம் இடம் ஒன்று புகுந்தது பிற்காலத்தில்தான்.

அது 1857க்குப் பிறகு நேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழகத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின் 1801 டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்சீமையில் கோட்டைகளோடு ஆயுதங்களையும் ஒழிக்க ஆணையிட்டது. சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 56 ஆண்டுகள் முன்பே தெற்கே இந்த ஒத்திகை நடந்துவிட்டது. வட இந்திய நிகழ்வுகளிலிருந்தே எல்லாவற்றையும் தொடங்கும் நம் பாடநூல் வழக்கத்தால் இது கவனம் பெறாமலே போய்விட்டது.

1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா என்பது வாசகர்கள் அறிந்ததே. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை அத்துப்பாக்கிக்குப் பெயர் தந்தது. பின்னாளில் அத்தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்த ஒரு நிறுவனம், அந்தப் பெருமையில் தன் வண்டிகளுக்கும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. பீரங்கியைச் சின்னமாகவும், துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதை முழக்கமாகவும் கொண்ட அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை 1955இல் திருவொற்றியூரில் வேரூன்றியது. புல்லட் என்ற சொல்லைக் கேட்டால் வடசென்னைக்காரனுக்குத் தோட்டா நினைவுக்கு வராது, வண்டிதான் வரும். இது சற்றே விலகிய செய்திதான். எனினும், ஒரு பேரரசு தன் குடிமக்களைக் கண்டு அஞ்சக் காரணமாயிருந்த துப்பாக்கியின் பெயர் பட்டினத்தார் சமாதி உள்ள ஊரில் வந்து தங்கியதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

அந்த அச்சத்திலிருந்து 1860ஆம் ஆண்டின் 31ஆம் சட்டமும், லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டமும் பிறந்தன. அதே 1878இல் வந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபு வந்ததும் நீங்கிற்று; ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நின்றது. எழுதுகோலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது நினைவுகொள்ளத்தக்கது.

1878ஆம் ஆண்டுச் சட்டம் எல்லார்க்கும் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. அதன் கீழ் வகுத்த விதிகள் ஐரோப்பியருக்கும், அன்று யுரேசியர் எனப்பட்ட ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்களித்தன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். ரயில்வேயில் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் 1900இல் இறந்தால், அவருடைய வேட்டைத் துப்பாக்கி காகிதம் ஏதுமின்றி மகன் தோளுக்கு மாறும். அடுத்த தெருவில் ஓர் இந்திய வணிகர் இறந்தால், அவருடைய மகன் உரிமம் பெற வேண்டும். இல்லையேல் துப்பாக்கியை விட்டுவிட வேண்டும். சாவு ஒன்றே, சட்டம் இரண்டு. இந்த இனவேறுபாடு முதல் உலகப்போருக்குப் பிறகுதான் விதிகளிலிருந்து அகன்றது.

அந்தத் துப்பாக்கிகளுக்கு அன்று வேலையும் இருந்தது. எண்ணூர் ஒரு காலத்தில் சென்னை ஐரோப்பியரின் ஓய்விடம். கழிமுகமும் உப்பளங்களும், வடக்கே பழவேற்காடு ஏரியும் உள்ளானும் காட்டுவாத்தும் வந்திறங்கும் இடங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தியது. பறவைகளுக்கு அது நல்லதே. ஆனால் பாட்டன் விட்டுச்சென்ற இரட்டைக்குழல், அதன்பின் பயனற்ற ஒரு நினைவுப்பொருளாயிற்று. பயனற்ற பொருளின் காகிதங்களை யார் புதுப்பித்து வைக்கிறார்கள்?

இப்பகுதியில் துப்பாக்கிக்கு வேறொரு வாழ்வும் உண்டு. வங்கி வாசலிலும் ஆலை வாயிலிலும் இரட்டைக்குழலோடு முக்காலியில் அமர்ந்திருக்கும் காவலரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் பலர் முன்னாள் படைவீரர்கள். தம் பெயரிலேயே உரிமமும் துப்பாக்கியும் கொண்டிருப்பதால் அவ்வேலையைப் பெற்றவர்கள். அவர் இறந்தால் குடும்பம் இழப்பது தலைவனை மட்டுமன்று, தொழிற்கருவியையும். மகனும் அதே வேலைக்குப் போக எண்ணினால், தையற்காரன் மகன் தையல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொள்ள முடியாது. உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலோ அத்துப்பாக்கி குடும்பத்துக்கு உரியதே அன்று.

இன்று நடப்பில் உள்ளது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 21ஆம் பிரிவு 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவுக்குப் பேரன் போன்றது. எக்காரணத்தாலேனும் ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமற்போனால், தேவையற்ற காலதாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. படைப்பிரிவில் உள்ளவர் பிரிவின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கலாம். ஒப்படைப்பதால் சொத்துரிமை போய்விடாது. உரிமம் பெற்றபின் திரும்பப் பெறலாம். தகுதியுள்ள வேறொருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் நடக்கவில்லையெனில் அது அரசுக்குப் பறிமுதலாகும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்து இரசீது வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு இந்த வழி புதிதன்று. சாவு வீட்டில் அது நினைவுக்கு வருவதுதான் அரிது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 முதல் 5 ஆண்டுவரை.

எந்த அலுவலகத்தின் உரிமம் என்பதே ஒரு சிக்கல். திருவொற்றியூர் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2011இல் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் வட்டமும் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. வீடு நகரவில்லை, எல்லைதான் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பழைய உரிமப் புத்தகத்தில் உள்ள முத்திரைகளைப் படிக்கவே ஒரு கல்வெட்டறிஞர் வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, தேசியத் தரவுத்தளத்தில் ஏறித் தனி அடையாள எண் பெறாத உரிமங்கள் செல்லாதவை என்று நடுவண் அரசு அறிவித்துவிட்டது. முதியவர் உயிரோடிருக்கையிலேயே உரிமம் செத்துப்போயிருக்கவும் கூடும்.

எனவே உரிமையாளர் தம் வாழ்நாளிலேயே செய்யத்தக்கதை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தெளிவாக்கியது வரவேற்கத்தக்கது. 25ஆம் விதியின்படி, இறப்புக்குப் பின் சட்டப்படியான வாரிசு உரிமம் கேட்கலாம். அதோடு, உரிமையாளருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் தருமாறு அவரே விண்ணப்பிக்கலாம். மகன் என்றே இருக்க வேண்டியதில்லை. மனைவியும் மகளும் வாரிசுகளே. 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக உரிமம் இல்லை. வாரிசு வழியிலும் ஒருவரிடம் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் சேரக்கூடாது என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் வரையறுத்தது, முன்பு மூன்று. காவல்துறை விசாரணையும் உண்டு. உடன்பிறந்தாருக்குள் வழக்கிருந்தால் துப்பாக்கி நெடுநாள் கிடங்கில்தான் உறங்கும்.

அண்டையிலுள்ள குடகில் வேறு நடைமுறை. குடவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு நேர்ந்தால் இரண்டு வெடி என்பது அவர்கள் மரபு. அங்கே சாவை ஊருக்கு அறிவிப்பதே துப்பாக்கிதான். இங்கே சாவை முதலில் அறிய வேண்டியவற்றுள் ஒன்று துப்பாக்கி உரிமம் வழங்கிய அலுவலகம்.

பூட்டி வைப்பது பற்றி ஒரு சொல். பாதுகாப்பாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று விதிகள் வற்புறுத்துகின்றன. கவனமுள்ளவர் சாவியை யாருக்கும் காட்டமாட்டார். அந்தக் கவனமே அவர் இறந்தபின் இடராகிறது. பீரோவை உடைக்க வரும் பூட்டுக்காரன் முன்னிலையில்தான் உள்ளே துப்பாக்கி இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியவரும். சாவியை அல்ல, சாவி எங்கே என்ற செய்தியை, உரிமப் புத்தகத்தின் படியோடும் துப்பாக்கியின் எண்ணோடும் ஓர் உறையிலிட்டு, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். தோட்டாக்களையும் மறக்கலாகாது. குழலை மட்டும் நிலையத்துக்கு எடுத்துச் சென்று, மேசை இழுப்பறையில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்களை விட்டுவிடுவது எளிதில் நேரக்கூடியது. சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறது. ஒப்படைக்கும்போது வாங்கும் இரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்க வேண்டும். அது இறப்புச் சான்றிதழ் இருக்கும் கட்டிலேயே இருப்பது நல்லது.