எழுத்தாணி திரும்பி வந்த காலம்

அமெரிக்காவில் சான் ஹோஸே நகரில் பன்னிரண்டு வருஷ காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் விலாசம் எழுதும்போது 'ஏ' என்னும் எழுத்துக்கு நடுக்கோடு போடுவதே இல்லை. கூடாரம் அடித்தாற்போல் ஒரே இழுப்பில் ஏறி இறங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார். 'டி' எழுதுவதும் அப்படித்தான்: இடமிருந்து வலமாக ஒரு கோடு, கையை எடுக்காமலே அதன் முனையிலிருந்து கீழே ஓர் இறக்கம், பார்ப்பவர்கள் அதை ஏழு என்றுதான் வாசிப்பார்கள். தபாலாபீஸ் குமாஸ்தா ஒரு நாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊர் எழுத்து, சார்?" என்று கேட்டபோது, நண்பர் சற்று வெட்கத்தோடு, "ஒரு மெஷினுக்காகக் கத்துக்கிட்டது, கை மறக்க மாட்டேங்குது" என்றார். அந்த மெஷினின் சரித்திரத்தையும், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஒரு கூட்டத்தாரின் சரித்திரத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாட்குறிப்பையும் விலாசப் புத்தகத்தையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்ற ஆசை 1980-களிலேயே முளைத்துவிட்டது. லண்டனில் சையான் என்னும் கம்பெனி 1984-ல் ஆர்கனைசர் என்ற பெயரில் கையடக்கமான கருவி ஒன்றை வெளியிட்டது; அதன் நினைவுப் பெட்டியில் எழுதியதை அடியோடு அழித்து இடத்தை மீட்க வேண்டுமானால், பெட்டியைக் கழற்றிப் புற ஊதா ஒளியில் காட்ட வேண்டும் என்பது இன்று கேட்பவர்களுக்குக் கட்டுக்கதையாகவே தோன்றும். பிறகு காஸியோ, ஷார்ப் கம்பெனிகளின் டிஜிட்டல் டைரிகள் வந்தன. சின்னஞ்சிறு பொத்தான்களை நகத்தால் அழுத்தி நாலு பெயர்களை ஏற்றுவதற்குள் விரலும் பொறுமையும் சேர்ந்தே தேய்ந்துவிடும். ஆப்பிள் கம்பெனியின் தலைவராயிருந்த ஜான் ஸ்கல்லி 1992-ல் இத்தகைய சாதனங்களுக்குப் 'பர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட்' என்று நாமகரணம் செய்துவைத்தார். மறு வருஷம் ஆகஸ்டில் அவருடைய கம்பெனி 699 டாலர் விலையில் நியூட்டனை வெளியிட்டது. மனிதன் தன் இஷ்டப்படி கிறுக்கும் கையெழுத்தை அந்த யந்திரம் தானே வாசித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பிரதான விளம்பரம். அது வாசித்த லட்சணம் சில வாரங்களுக்குள்ளேயே 'டூன்ஸ்பரி' என்ற பிரசித்தமான பத்திரிகைச் சித்திரத் தொடரில் பரிகாசப் பொருளாயிற்று. பின்னால் அது எவ்வளவோ திருந்தியும் அந்தச் சிரிப்பொலி மட்டும் கடைசி வரையில் அதை விட்டு நீங்கவில்லை.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் இன்னொருவரும் தோல்வியுற்று உட்கார்ந்திருந்தார். மனித மூளை எப்படி வேலை செய்கிறது என்ற விசாரத்திலேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பியவரும், வயிற்றுப்பாட்டுக்குக் கம்ப்யூட்டர் செய்தவருமான ஜெஃப் ஹாக்கின்ஸ், 1989-லேயே பேனாவால் எழுதக்கூடிய கிரிட்பேட் என்னும் கருவியை வடிவமைத்தவர். 1992-ல் பாம் கம்ப்யூட்டிங் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். காஸியோ, டாண்டி முதலிய கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து அவர் கொண்டுவந்த ஸூமர் என்ற கருவி, கனத்திலும் மந்த கதியிலும் நியூட்டனுக்குச் சிறிதும் சளைத்ததாக இல்லாமையால், அதைப் போலவே விழுந்தது. ஆனால் விழுந்த இடத்தில் அவர் செய்த காரியம் புத்திசாலித்தனமானது. வாங்கியவர்களை விசாரித்துப் பார்த்தார். அவர்கள் தங்கள் கருவியை மற்றொரு கம்ப்யூட்டரோடு ஒப்பிடவில்லை, காகித டைரியோடு ஒப்பிட்டார்கள் என்பது தெரிந்தது. காகிதம் திறந்த கணத்தில் திறக்கும், பைக்குள் அடங்கும், மேஜைமேல் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் உள்ளதை அதில் நகல் எடுத்துக்கொள்ள முடியாது என்பது ஒன்றுதான் அதன் குறை.

ஆகவே அவர் தம் சட்டைப் பைக்கு இசைந்த அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, திரை இப்படி இருக்கலாம் என்று வரைந்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பல வாரங்கள் அதையே பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். யாராவது, "புதன்கிழமை சாப்பிட வருகிறீர்களா?" என்று கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்து, குச்சியொன்றால் அதை இரண்டு தட்டுத் தட்டி, நாள் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் பதில் சொல்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை தட்டுக்கு மேல் மனிதனுக்கு அலுப்புத் தட்டும் என்பது அந்த நாடகத்தில்தான் அவருக்கு விளங்கிற்று. மரத்துண்டு இப்போது மவுண்டன் வியூ நகரத்திலுள்ள கணினி வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்தது.

கையெழுத்துப் பிரச்சினைக்கு அவர் கண்ட பரிகாரம் இன்னும் விசித்திரமானது. உலகத்துப் பண்டிதர்களெல்லாம் மனிதனுடைய கையெழுத்தை யந்திரத்துக்குக் கற்பிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, யந்திரத்தின் கையெழுத்தை மனிதனுக்குக் கற்பித்துவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். தட்டெழுத்துப் பலகையில் எழுத்துக்கள் தாறுமாறாகத்தானே கிடக்கின்றன? அதைக் கோடிக்கணக்கானவர்கள் கற்கவில்லையா? ஹையர் கிரேடு பரீட்சைக்காக விடியற்காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடியவர்களும், பிட்மன் சுருக்கெழுத்தில் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் கொண்டே ஒலிகளைப் பிரித்தறியப் பழகியவர்களும் இந்தக் கேள்வியின் நியாயத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இவ்விதம் பிறந்ததுதான் கிராஃபிட்டி என்னும் லிபி. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும், அநேகமாக, கையை எடுக்காத ஒரே ஓர் இழுப்பு. எழுத்துக்கு இடப்புறத்தில் ஒரு கட்டம், எண்ணுக்கு வலப்புறத்தில் ஒரு கட்டம். ஓர் எழுத்தின் மேலேயே அடுத்த எழுத்தையும் எழுதலாம். இடமிருந்து வலமாகக் கோடு கிழித்தால் இடைவெளி, வலமிருந்து இடமாகக் கிழித்தால் அழிப்பு. எழுதும் பரப்புக்கு எழுத்து இணங்கிப் போவது நமக்கொன்றும் புதிதல்ல. ஏடு கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதிவந்தவர்களின் சந்ததி நாம். 'பாம்' என்ற பெயர் உள்ளங்கையைக் குறித்தது என்றாலும், எழுத்தாணி பிடித்து எழுதும் அந்தப் பலகைக்குப் பனையையும் குறிக்கும் ஒரு சொல்லே பெயராக வாய்த்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

யூ.எஸ். ரோபாடிக்ஸ் என்ற மோடம் கம்பெனி 1995-ல் பாமை விலைக்கு வாங்க, 1996-ல் பைலட் 1000, பைலட் 5000 என்ற இரண்டு கருவிகள் வெளிவந்தன. முன்னதற்கு விலை 299 டாலர். 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறத் திரை, முதலாவதில் 128 கிலோபைட் நினைவகம், டிவி ரிமோட்டில் போடும் மெல்லிய பாட்டரிகள் இரண்டு, சரக்கு இவ்வளவுதான். இவ்வளவுக்குள் அடங்கியதே அதன் மகிமை என்பது என் துணிபு. திரை அமைப்பை வகுத்த ராப் ஹைட்டானி, அடிக்கடி செய்யும் காரியத்துக்கு ஒரு தட்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஸ்டேப்ளர் மேஜைமேல் இருக்கட்டும், பின் கழற்றும் கருவி இழுப்பறைக்குள் கிடக்கட்டும் என்பது அவர் கொள்கை. ஆகையால் புதிதாக எழுதும் பொத்தான் கண்ணெதிரே நிற்கும். அழிக்கும் வழி உள்ளே ஒளிந்திருக்கும். கருவியை மேஜைமேல் ஒரு சிறு தொட்டிலில் நிறுத்தி ஒரே பொத்தானை அழுத்தினால், உள்ளதெல்லாம் பெரிய கம்ப்யூட்டரில் நகலாகிவிடும். ஹாட்சிங்க் என்று அதற்குப் பெயர். பதினெட்டு மாதங்களுக்குள் பத்து லட்சம் கருவிகள் விற்றன.

வாங்கியவர்கள் வாங்கியதோடு நிற்கவில்லை. அபிமானிகள் என்ற புது ஜாதியாக மாறினார்கள். ஒரு சாதனம் அரை வழி வந்து நிற்க, மிச்ச அரை வழியை மனிதன் நடக்க வேண்டியிருந்தால், நடந்தவர்களுக்குள் ஒரு பந்தம் உண்டாகிவிடுகிறது போலும். எழுத்தாணி உரசி உரசி எழுதும் கட்டத்தில் கீறல் விழுமென்று, அதன்மேல் மங்கலான ஒட்டும் டேப்பை அளந்து வெட்டி ஒட்டுவார்கள். கீறலும் விழாது, வழுக்குகிற கண்ணாடியில் எழுதுவதுபோல் இல்லாமல் காகிதத்தில் எழுதும் பிடிமானமும் கிடைக்கும் என்பதை யாரோ ஒருவர் கண்டு சொல்ல, அது வாய்மொழியாகவே பரவிற்று. 1998-ல் வந்த பாம் III என்ற கருவியின் எழுத்தாணித் தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். கருவி மயங்கிவிட்டால் முதுகிலுள்ள துவாரத்தில் அதைச் செருகித் தெளிவிக்க வேண்டும். வருஷக்கணக்காகக் கையில் வைத்திருந்தும் இந்த ரகசியம் தெரியாமல் குண்டூசி தேடி அலைந்தவர்களும் உண்டு. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கழற்றிக் காட்டும்போது முகத்தில் தோன்றும் பெருமிதம், கோயிலில் யாளி வாய்க்குள் உருளும் கல்லைக் காட்டும் வழிகாட்டியின் பெருமிதத்துக்குக் குறைந்ததல்ல.

பாட்டரி மாற்றுவது ஒரு சடங்கு. எழுதியதெல்லாம் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தமையால், பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் அவகாசம். அதற்குள் போடாவிட்டாலும், பாட்டரி தீர்ந்ததைக் கவனியாமல் பெட்டியில் போட்டு வைத்துவிட்டாலும், மாமனார் வீட்டு டெலிபோன் நம்பர் முதல் பல் வைத்தியர் சொன்ன தேதி வரை சகலமும் மாயமாகிவிடும். ஆகவே தினந்தோறும் தொட்டிலில் வைத்து எடுப்பது அவர்களுக்குச் சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மமாயிற்று.

அதே பாம் III-ல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றும் சேர்ந்தது. விலாசப் பொத்தானை இரண்டு கணம் அழுத்திப் பிடித்தால், நம் விசிட்டிங் கார்டு எதிரே நீட்டப்பட்ட இன்னொரு பாமுக்குள் குதித்துவிடும். இரண்டு அந்நியர்கள் விமான நிலையத்தில் தலையோடு தலை முட்டும் ஆட்டுக்கிடாய்கள்போல் கருவிகளை நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை நண்பர் வர்ணித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்படி முட்டிக்கொண்டவர்களில் ஒருவர்தான் பிற்பாடு அவருக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தவர். நாலாக மடங்கிப் பைக்குள் போகும் தட்டெழுத்துப் பலகை, தோல் உறை, உலோக உறை, கனத்த பேனாவுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்தாணி என்று உபகரண வியாபாரமும் தழைத்தது. பாம் கம்பெனி தன் கருவிக்குப் புரோகிராம் எழுதும் வித்தையை ஒளித்து வைக்காததால், செஸ் விளையாட்டு முதல் வைத்தியர்களுக்கான மருந்து அளவுக் கணக்கு வரை ஆயிரக்கணக்கான சிறு புரோகிராம்களைத் தனி மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, சிலர் இனாமாகவும் சிலர் பத்துப் பதினைந்து டாலருக்கும் கொடுத்தார்கள்.

வியாபார விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைலட் பேனாக் கம்பெனி பெயருக்காக வழக்காடியதால் பைலட் என்ற பெயர் போயிற்று. யூ.எஸ். ரோபாடிக்ஸை 1997-ல் 3காம் விழுங்கியது. மனம் ஒட்டாத ஹாக்கின்ஸும், நிர்வாகத்தைத் திறம்பட நடத்திவந்த டானா டுபின்ஸ்கியும் மறு வருஷமே வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் என்று தனிக்கடை போட்டார்கள். 2000-ம் வருஷம் மார்ச் மாதம் 38 டாலருக்கு வெளியிடப்பட்ட பாம் பங்கு அன்றைக்கே 165 டாலர் வரை ஏறியது. ஜெனரல் மோட்டார்ஸைவிட இந்தச் சட்டைப் பைக் கம்பெனிக்கு மதிப்பு அதிகம் என்று சந்தை சில மணி நேரம் நம்பிற்று. பிறகு விழுந்தது.

அபிமானிகளுக்கு உண்மையில் வலித்தது அந்த வீழ்ச்சி அல்ல. ஒரே இழுப்பில் எழுதும் முறைக்குத் தான் முன்னமே காப்புரிமை பெற்றிருப்பதாக ஜெராக்ஸ் கம்பெனி 1997-ல் தொடுத்த வழக்கு வருஷக்கணக்காக இழுத்தடிக்க, 2003-ல் பாம் தன் லிபியையே மாற்றிவிட்டது. புதிய கிராஃபிட்டியில் 'டி', 'கே' போன்ற சில எழுத்துக்களுக்கு இரண்டு இழுப்பு வேண்டும். அதாவது அது சாதாரண மனிதரின் கையெழுத்துக்கு நெருங்கி வந்தது. புதிதாக வருபவர்களுக்குச் சௌகரியந்தான். ஆனால் ஏழு வருஷம் பழகிய கைக்கு அது தாய்மொழியைத் தடைசெய்தது போலிருந்தது. பழைய கருவியிலிருந்து பழைய லிபியின் கோப்புகளை உருவி, புதிய கருவிக்குள் புகுத்தும் வழியைச் சிலர் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வழக்கோ, 2006-ல் 2 கோடியே 25 லட்சம் டாலரில் சமாதானமாக முடிந்தது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. ஹேண்ட்ஸ்பிரிங் கொண்டுவந்த ட்ரியோவில் டெலிபோனும் டைரியும் ஒன்றாயின; எழுத்தாணியின் இடத்தைச் சிறிய பொத்தான் வரிசை பிடித்துக்கொண்டது. 2007-ல் ஐபோன் வந்து, எழுத்தாணி எதற்கு, விரலே போதும் என்றது. மனிதன் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாத கருவி அது. கற்றுக்கொடுக்கவும் ஒன்றுமில்லாமற் போயிற்று. பாமை 2010-ல் 120 கோடி டாலருக்கு ஹெச்.பி. கம்பெனி வாங்கியது, மறு வருஷம் வெளியிட்ட டச்பேட் என்ற பலகையை 49 நாளில் நிறுத்திக்கொண்டது. பாமின் கடைசி மென்பொருளான வெப்ஓஎஸ் பின்னர் எல்.ஜி. டெலிவிஷன்களில் குடியேறி, சீரியல் பார்க்கும் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பாம் III-ஐ எடுத்து வந்தார். பாட்டரிகளை என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டதால் உள்ளே பச்சை பூத்திருக்கவில்லை. ரிமோட்டிலிருந்து இரண்டை உருவிப் போட்டோம். திரை விழித்துக்கொண்டு, குறி போட்ட இடத்தைத் தொடு என்றது, தொட்டார். விலாசப் பட்டியல் காலியாக இருந்தது. வலது ஓரத்துப் பொத்தானை அழுத்திப் புதிய குறிப்பு ஒன்றைத் திறந்து, இடது கட்டத்தில், கண்ணால்கூடப் பாராமல், கூடாரம் அடித்தாற்போல் ஒரு கோடு ஏற்றி இறக்கினார். மேலே, நடுக்கோட்டோடு, 'ஏ' வந்து நின்றது.